அக்டோபர் 16க்குப் பிறகும் ஸ்பானிஷ் கேட்கிறதா? அமெரிக்க அரசுப் பள்ளிகளின் இருமொழி வகுப்பு – ஒரு மதிப்பீடு

செப்டம்பர் 15 வந்துவிட்டால் அமெரிக்க அரசுப் பள்ளிகள் பலவற்றில் நடைபாதை முழுக்க வண்ணக் காகிதத் தோரணம் தொங்கும். ஸ்பானிஷ் மரபுக் குடும்பங்களைக் கொண்டாடும் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம். சாப்பாட்டுக் கூடத்தில் டாக்கோ, ஒலிபெருக்கியில் மரியாச்சி இசை, சுவரில் வரிசையாக லத்தீன் அமெரிக்க நாட்டுக் கொடிகள். அக்டோபர் 15 முடிந்ததும் தோரணம் இறங்கிவிடும். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைக்கு அந்தப் பள்ளி என்ன தருகிறது என்று தெரிய வேண்டுமானால் மறுநாள் காலையில் போய்ப் பார்க்க வேண்டும்.

இங்கே மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது அந்தப் பள்ளிகள் ஆண்டு முழுக்கத் தரும் ஒரு சேவை. 'டூ-வே டூயல் லாங்குவேஜ்' என்று சொல்லப்படும் ஸ்பானிஷ்–ஆங்கில இருமொழி வகுப்பு. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து, கணக்கையும் அறிவியலையும் சமூகவியலையும் இரண்டு மொழிகள் வழியாகப் படிப்பார்கள். கிண்டர்கார்ட்டனில் சேர்ந்தால் ஐந்தாம் வகுப்பு வரை ஆறு ஆண்டு. கட்டணம் கிடையாது. டெக்சஸ், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் மாநிலங்களிலும் இந்த வகுப்புகள் உண்டு. அதனால் 'நம்ம பிள்ளையையும் போடலாமா' என்ற கேள்வி நம் வீடுகளிலும் எழுகிறது. அதற்கும் பதில் சொல்கிறோம். ஆனால் இந்த வகுப்பு யாருக்காக ஏற்பட்டதோ அந்தப் பிள்ளைகள் பக்கம் நின்று முதலில் பார்த்துவிடலாம்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். ஒழுங்காக நடக்கும் இடத்தில், ஸ்பானிஷ் பேசும் பிள்ளைக்கு ஓர் அமெரிக்க அரசுப் பள்ளி தரக்கூடியவற்றிலேயே சிறந்தது இதுதான். ஒழுங்காக நடக்காத இடத்தில், அந்தப் பிள்ளையை வைத்து மற்றவர் பிள்ளைகளுக்கு இலவசமாக ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடாக இது மாறிவிடுகிறது. இரண்டுக்கும் வாசலில் ஒரே பெயர்ப்பலகைதான்.

எங்கிருந்து வந்தது

1963இல் மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளியில் இது ஆரம்பித்தது. கியூபாவை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் பாதி நாள் ஆங்கிலத்திலும் பாதி நாள் ஸ்பானிஷிலும் படித்தார்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் ஆயிரக்கணக்கான மெக்சிக வம்சாவளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறிப் போராடினார்கள். ஸ்பானிஷ் பேசினால் தண்டனை கொடுத்த பள்ளிகள் அவை. இருமொழிக் கல்வி வேண்டும், தங்கள் வரலாறு பாடத்தில் இருக்க வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகளில் முக்கியமானவை. அதே ஆண்டு செப்டம்பரில் 'ஹிஸ்பானிக் பாரம்பரிய வாரம்' சட்டமானது. 1988இல் வாரம் மாதமாயிற்று. கொண்டாட்டமும் கோரிக்கையும் ஒரே வயதுக்காரர்கள். ஆனால் கொண்டாட்டம் எல்லாப் பள்ளிக்கும் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கோரிக்கைதான் வழியில் அடிபட்டது. கலிஃபோர்னியாவில் 1998இல் மக்கள் வாக்கெடுப்பு ஒன்று இருமொழிக் கல்வியைக் கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டது. 2016இல் இன்னொரு வாக்கெடுப்பு அதை மீண்டும் திறந்துவிட்டது.

எப்படி நடக்கிறது

இரண்டு வகை உண்டு. 90/10 வகையில் கிண்டர்கார்ட்டனிலும் முதல் வகுப்பிலும் பத்தில் ஒன்பது பங்கு ஸ்பானிஷ். ஆறு மணி நேரப் பாடத்தில் ஆங்கிலத்துக்கு 35, 40 நிமிடம்தான் வரும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலம் கூடி, நான்காம் வகுப்பு வாக்கில் சரிபாதியாகும். 50/50 வகையில் முதல் நாளிலிருந்தே சரிபாதி. காலை ஒரு மொழி, மதியம் ஒரு மொழி என்று இருக்கும். அல்லது இரண்டு ஆசிரியர்கள் இரண்டு அறைகளில் இருக்க, பிள்ளைகள் இடம் மாறுவார்கள்.

ஸ்பானிஷ் பேசும் பிள்ளைக்கு 90/10தான் நல்லது என்பது எங்கள் கருத்து. பள்ளிக்கு வெளியே தெரு, தொலைக்காட்சி, விளையாட்டு மைதானம் எல்லாமே ஆங்கிலம். அதற்கு ஈடுகட்ட வகுப்பறையில் ஸ்பானிஷ் கனமாக இருந்தாக வேண்டும். 50/50 காகிதத்தில் மட்டுமே சரிபாதியாக நிற்கும். இசை, ஓவியம், உடற்பயிற்சி, நூலகம் எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் போகும். மதிய உணவும் இடைவேளையும் இன்னொரு மணி. ஆறரை மணி நேரப் பள்ளியில் மிச்சம் நாலரை. அதில் பாதி என்றால் இரண்டே கால் மணி நேரம். சரிபாதி என்று சொன்னது மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது. இசை ஆசிரியரையோ நூலகரையோ ஸ்பானிஷ் தெரிந்தவராக வைக்கும் பள்ளிகள் இந்த ஓட்டையை அடைத்துவிடுகின்றன. பள்ளியைப் பார்க்கப் போகும்போது இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

முதல் வகுப்பின் எழுத்துப் பாடத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். தமிழ் படித்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது. ஸ்பானிஷுக்கு உயிரொலி ஐந்துதான்: ஆ, ஏ, ஈ, ஓ, ஊ. எங்கே வந்தாலும் ஒலி மாறாது. மெய்யும் உயிரும் சேர்த்து 'மா, மே, மீ, மோ, மூ' என்று வாய்விட்டுச் சொல்லித்தான் வாசிப்பு தொடங்குகிறது. நம் உயிர்மெய் வரிசையேதான். பிறகு முதல் வாக்கியம்: 'மி மமா மே மீமா'. அம்மா என்னைக் கொஞ்சுகிறாள். தலைமுறை தலைமுறையாக ஸ்பானிஷ் அரிச்சுவடிகளில் இருக்கும் வாக்கியம் இது. இப்படிச் சொல்லிக்கொடுத்தால் சில மாதங்களில் பிள்ளை எந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டிவிடும்.

இங்கேதான் பல பள்ளிகள் தவறு செய்கின்றன. ஆங்கிலத்துக்கு எழுதிய ஃபோனிக்ஸ் பாடத்தை, அதாவது எழுத்தின் ஒலியை வைத்து வாசிக்கக் கற்றுத்தரும் பாடத்தை, அப்படியே ஸ்பானிஷில் மொழிபெயர்த்து, 'ம்' என்று தனி மெய்யொலியில் ஆரம்பித்து, நெட்டுயிர் குற்றுயிர் என்று ஸ்பானிஷில் இல்லாத பாகுபாட்டையெல்லாம் நடத்துகிறார்கள். பிள்ளைக்குக் குழப்பம், பல வாரங்கள் வீண். உண்மையில் ஸ்பானிஷ் எழுதும் பிள்ளை தடுக்கி விழும் இடங்கள் வேறு. இரண்டு எழுத்துக்கு ஒரே 'ப' ஒலி. ஒலியே இல்லாத ஓர் எழுத்து சொல்லின் முதலில் வந்து நிற்கும். 'ஓலா' என்று வணக்கம் சொல்வதை எழுதும்போது அதை விட்டுவிட்டால் 'அலை' என்று பொருள் மாறிவிடும். லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் மூன்று எழுத்துகள் 'ஸ' ஒலியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ல, ள, ழ குழப்பத்தோடு வளர்ந்த நமக்கு இது புரியும். இதற்கு நல்ல ஆசிரியர்கள் கையாளும் முறைக்கு 'டிக்டாடோ' என்று பெயர். சொல்வதை எழுதுதல்தான். இரண்டு மூன்று வாக்கியம், பிள்ளைகள் எழுதுவார்கள், உடனே ஆசிரியரோடு சேர்ந்து வண்ணப் பென்சிலால் தாங்களே திருத்துவார்கள், அதே பத்தியை அந்த வாரத்திலேயே மறுபடி இரண்டு மூன்று தடவை எழுதுவார்கள். நாளுக்கு 15, 20 நிமிடம் போதும். கெடுவது எப்போது என்றால், தினமும் புதுப் பத்தி கொடுத்து மதிப்பெண் போடும்போது. அப்போது அது வெறும் தேர்வாகிவிடும். திருத்தம் கையில் ஏறாது.

ஆங்கில நேரத்தில் ஸ்பானிஷ் பிள்ளை 'ஸ்கூல்' என்பதற்கு முன்னால் ஓர் உயிரொலி சேர்த்து 'எஸ்கூல்' என்று சொல்லும், அப்படியே எழுதும். ஸ்பானிஷில் 'ஸ்க', 'ஸ்த', 'ஸ்ப' என்று எந்தச் சொல்லும் தொடங்காது. எஸ்குவேலா, எஸ்துதியாந்தே, எஸ்பன்யோல் என்றுதான் தொடங்கும். நம் ஊரில் 'இஸ்கூல்' என்று வந்ததும் இதே காரணத்தால்தான். இது தெரிந்த ஆசிரியர் அந்தப் பிள்ளையை வாசிப்புக் குறைபாடு என்று எழுதிவிட மாட்டார். 'உன் மொழியில் இப்படி, இந்த மொழியில் இப்படி' என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் எழுதிக் காட்டுவார். இருமொழி ஆசிரியரிடம் பார்க்க வேண்டிய திறமை இதுதான்.

இன்னொன்று, 'பாலம்' என்று அவர்கள் சொல்லும் பாடம். நீர்ச் சுழற்சியை மூன்று வாரம் ஸ்பானிஷில் நடத்தி முடித்த பிறகு ஒரே ஒரு நாள், ஒரு பெரிய தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் 'எவாபொராசியோன், கோன்டென்சாசியோன்', அந்தப் பக்கம் 'எவாபரேஷன், கண்டன்சேஷன்' என்று எழுதுவார்கள். 'சியோன்' வரும் இடத்தில் 'ஷன்' வருகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒரு விதியில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் சேர்ந்தே வந்துவிடும். கூடவே ஏமாற்றும் சொற்களையும் சொல்லித்தர வேண்டும். 'எக்ஸித்தோ' என்றால் வெற்றி. வெளியேறும் வழி அல்ல. 'பியோன்' என்றால் ஆங்கில பில்லியன் அல்ல, அதைப்போல் ஆயிரம் மடங்கு; ஆங்கில பில்லியனுக்கு ஸ்பானிஷில் 'மில் மியோனெஸ்', அதாவது ஆயிரம் மில்லியன். ஐந்தாம் வகுப்புக் கணக்கில் இது விளையாட்டல்ல.

பாலப் பாடம் பாடத்தின் கடைசியில் வர வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் இரண்டு மொழியிலும் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நல்லெண்ணத்தோடுதான். ஆனால் பிள்ளை தன் மொழி வரும்வரை காதை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகிவிடும். அந்த வகுப்பில் இரண்டாம் மொழி வளராது.

கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. கொலம்பியா, அர்ஜெண்டினா பக்கத்துப் பெற்றோர் வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண்ணை வலப்புறம் எழுதுவார்கள். மெக்சிகோக்காரர்கள் பெருக்கிக் கழிப்பதை மனசிலேயே முடித்து மீதியை மட்டும் எழுதுவார்கள். வீட்டில் அப்பா காட்டிய முறையில் பிள்ளை போட்டுக்கொண்டு வந்தால், விடை சரியாக இருந்தும் 'படிகள் இல்லை' என்று சிவப்புக் கோடு விழும். அதோடு அந்த அப்பா வீட்டுப்பாடத்தில் உட்காருவதை நிறுத்திவிடுவார். இரண்டு முறையையும் கரும்பலகையில் போட்டுக்காட்டும் ஆசிரியர் ஒரு குடும்பத்தையே பள்ளிக்குள் கொண்டுவருகிறார்.

பலன் கிடைக்கிறதா

கிடைக்கிறது. போர்ட்லாண்டில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டு ராண்ட் நிறுவனம் செய்த ஆய்வு 2015இல் வந்தது. இருமொழி வகுப்பில் படித்தவர்கள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் சுமார் ஏழு மாதப் படிப்பும், எட்டாம் வகுப்பில் சுமார் ஒன்பது மாதப் படிப்பும் முன்னால் இருந்தார்கள். கவனியுங்கள், ஆங்கிலத்தில். 'ஸ்பானிஷில் படித்தால் ஆங்கிலம் பின்தங்கிவிடும்' என்ற பயத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

ஆனால் இந்தப் பலன் கடைசியில்தான் தெரியும். 90/10 வகுப்பில் இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் குறைவாகத்தான் இருக்கும். ஆங்கில வாசிப்பை அப்போதுதானே தொடங்கியிருப்பார்கள்? அந்தக் கட்டத்தில் பயந்துபோய்ப் பிள்ளையை எடுத்துவிடும் பெற்றோரும், பயந்துபோய் ஆங்கில நேரத்தைக் கூட்டிவிடும் தலைமையாசிரியரும்தான் இந்தத் திட்டத்தின் பெரிய ஆபத்து. டெக்சஸில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மாநிலத் தேர்வை ஸ்பானிஷிலேயே எழுத முடியும். அப்படி வாய்ப்பு இருக்கும் இடங்களில் வகுப்பு நிதானமாக நடக்கிறது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே என்றால் மூன்றாம் வகுப்பு ஜனவரியிலேயே ஸ்பானிஷ் நேரம் தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடும்.

எங்கே கெடுகிறது

முதலாவது, இடம். வகுப்பில் இரண்டு தரப்பும் பாதிப் பாதி இருப்பது நல்லது. எந்தத் தரப்பும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. 24 பேர் வகுப்பில் வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் எட்டுப் பேராவது வேண்டும். பள்ளிக்கு நல்ல பெயர் வந்தால் வசதியான ஆங்கிலக் குடும்பங்கள் அந்தப் பகுதியில் வீடு வாங்குகிறார்கள், வாடகை ஏறுகிறது, ஸ்பானிஷ் குடும்பங்கள் வெளியே போகிறார்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும், அறிமுகக் கூட்டம் வேலை நாள் காலை பத்து மணிக்கு என்று வைத்தாலும் இதே கதைதான். ஓட்டல் சமையலறையிலும் கட்டட வேலையிலும் இருப்பவர் அந்த நேரத்துக்கு எப்படி வருவார்? இரண்டு தரப்புக்கும் தனித்தனிக் குலுக்கல், மாலைக் கூட்டம், காகித விண்ணப்பம் என்று வைத்திருக்கும் பள்ளிகள்தான் உண்மையாக நடத்துகின்றன. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் குவாடலூப்பே வால்டெஸ் 1997இலேயே இதை எச்சரித்து எழுதினார்: இந்த வகுப்பில் யாருடைய மொழி யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் எழுதியதன் சாரம்.

அது வகுப்பிலேயே கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலப் பிள்ளை தட்டுத் தடுமாறி ஒரு ஸ்பானிஷ் வாக்கியம் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். ஸ்பானிஷ் பிள்ளை அதே அளவு ஆங்கிலம் பேசினால் அது கடமை. யாரும் தட்ட மாட்டார்கள். இதை உணர்ந்து திருத்திக்கொள்ளும் ஆசிரியர்கள் இருக்கும் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பாக்கியம்.

ஆசிரியர் பற்றாக்குறை தீராத தலைவலி. வெளிநாட்டிலிருந்து வரும் ஆசிரியர்களுக்குத் தரும் ஜே-1 விசா மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து. ஊர் பழகி, வகுப்பு பழகி முடியும்போது திரும்பிப் போக வேண்டும். இரண்டாம் வகுப்புக்குப் பிறகு மொழி தெரியாத புதுப் பிள்ளைகளைச் சேர்க்க முடியாது என்பதால், குடும்பங்கள் ஊர் மாறும்போது வகுப்பு சுருங்கும். 24இல் தொடங்கி ஐந்தாம் வகுப்பில் 14 என்று வந்ததும் இரண்டு வகுப்பை ஒன்றாக்குகிறார்கள். நடுநிலைப் பள்ளியிலும் தொடர்ச்சி இல்லாவிட்டால் ஆறு ஆண்டு உழைப்பு அங்கேயே நின்றுவிடும்.

இன்னொரு தவறு அதிகம் பேசப்படுவதில்லை. குவாத்தமாலாவிலிருந்து வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டு மொழி மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள். தெற்கு மெக்சிகோவிலிருந்து வருபவர்களில் மிஸ்டெக் பேசுவோர் உண்டு. அலுவலகத்தில் நாட்டின் பெயரைக் கேட்டதும் 'ஸ்பானிஷ்' என்று எழுதிக்கொள்கிறார்கள். இந்தியா என்றதும் இந்தி என்று எழுதிக்கொள்ளும் ஊரில் வாழும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு ஸ்பானிஷும் புது மொழி, ஆங்கிலமும் புது மொழி. 'தாய்மொழியிலும் பின்தங்குகிறான்' என்று அறிக்கை எழுதுவது எவ்வளவு பெரிய அநீதி!

அலுவலக ஜன்னல்

வகுப்பறை நன்றாக இருந்து அலுவலகம் கெடுத்துவிடும் பள்ளிகளும் உண்டு. பெயரையே எடுத்துக்கொள்வோம். 'மரியா ஃபெர்னாண்டா கார்சியா லோபெஸ்' என்றால் மரியா ஃபெர்னாண்டா இரண்டும் அவள் பெயர், கார்சியா அப்பா வழிக் குடும்பப் பெயர், லோபெஸ் அம்மா வழி. அமெரிக்கக் கணினி கடைசிச் சொல்லை மட்டும் எடுத்து 'லோபெஸ்' என்று பதிந்து, கார்சியாவை நடுப்பெயர் ஆக்கிவிடும். அடுத்த பள்ளியில் யாரோ 'கார்சியா' என்று பதிவார்கள். ஒரே பிள்ளைக்கு இரண்டு கோப்பு. தடுப்பூசிச் சான்று ஒன்றில், தேர்வு மதிப்பெண் இன்னொன்றில். கல்லூரி உதவித்தொகைக்குப் போகும்போதுதான் சிக்கல் வெளியே வரும். இனிஷியலும் அப்பா பெயரும் லாஸ்ட் நேம் கட்டத்தில் படும் பாடு நமக்குத் தெரிந்ததுதானே. தீர்வு சுலபம்: பிறப்புச் சான்றில் உள்ளபடி இரண்டு குடும்பப் பெயரையும் ஒரே கட்டத்தில் போடச் சொல்லி, பதிவை அச்செடுத்து வாங்கி, அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும். ஞகர ஒலிக்கு ஸ்பானிஷில் தலையில் சுழி போட்ட ஓர் எழுத்து உண்டு. அந்தச் சுழி விழுந்தால் 'பேஞா' என்ற குடும்பப் பெயர் 'பேனா' ஆகிவிடும். துயரம் என்று பொருள். சுழியைப் போடத் தெரிந்த அலுவலருக்கு ஒரு தனி வணக்கம்.

சேர்க்கைக்கு வயதுச் சான்று, முகவரிச் சான்று, தடுப்பூசி விவரம் போதும். குடியுரிமை நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி பிள்ளையைத் தள்ள முடியாது. 1982இல் டெக்சஸின் டைலர் நகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்ன விஷயம் இது. ஆங்கிலம் கற்போர் திட்டத்தில் பிள்ளையைச் சேர்த்தால் கல்வியாண்டு தொடங்கி 30 நாளுக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். வேண்டாம் என்று பெற்றோர் மறுக்கலாம். மறுத்தாலும் ஆண்டுதோறும் மொழித் தேர்வு இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்குப் பள்ளி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். பத்து வயதுப் பிள்ளையையே நடுவில் உட்காரவைத்து அதன் மதிப்பெண்ணை அதுவே அம்மாவுக்கு மொழிபெயர்க்கச் சொல்வது இன்னும் நடக்கிறது. அப்படி நடக்கும் பள்ளி எத்தனை தோரணம் கட்டினாலும் எங்கள் கணக்கில் தோல்விதான்.

அந்த ஒரு மாதம்

கொண்டாட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். செப்டம்பர் 15இல் தொடங்குவதற்குக் காரணம் உண்டு: 1821இல் குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிக்கா ஐந்தும் விடுதலை பெற்ற நாள் அது. மறுநாள் மெக்சிகோவினுடையது, 18 சிலியினுடையது. இதைச் சொல்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் மெக்சிகத் தொப்பியும் ஒட்டு மீசையும் மாட்டிவிடுவது மரியாதை அல்ல. மே 5 மெக்சிகோவின் விடுதலை நாள் என்று சுவரொட்டி ஒட்டுவதும் பிழை. அது 1862இல் பிரெஞ்சுப் படையைப் புவெப்லாவில் வென்ற நாள். டாக்கோ மட்டுமே பரிமாறினால் சால்வடார் பிள்ளை தன் புப்பூசாவைத் தேடும். டொமினிக்கன் பிள்ளைக்கு டாக்கோ அடுத்த வீட்டுச் சாப்பாடு.

காசே செலவில்லாத ஒரு நல்ல பாடம் சொல்கிறோம். உறிஞ்சுகுழல் ஒன்றை மேசையில் வைத்து 'உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்' என்று கேட்க வேண்டும். மெக்சிகப் பிள்ளை 'பொப்போத்தே' என்னும், கொலம்பியப் பிள்ளை 'பித்தியோ', டொமினிக்கன் பிள்ளை 'கலிமேத்தே', சிலிப் பிள்ளை 'பொம்பியா'. எல்லாவற்றையும் பலகையில் எழுதி, எல்லாம் சரி என்று சொல்ல வேண்டும். 'புத்தக ஸ்பானிஷில் இப்படிச் சொல்லக் கூடாது' என்று வீட்டுச் சொல்லைத் திருத்தும் ஆசிரியர் அந்தப் பிள்ளையின் பாட்டியையே திருத்துகிறார்.

நான்காம் வகுப்புக்கு மேல் என்றால் மெண்டெஸ் வழக்கு. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மெக்சிகப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கு அனுப்பியதை எதிர்த்து ஐந்து குடும்பங்கள் வழக்குப் போட்டு, 1947இல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை நாடு முழுக்க முடித்துவைத்த தீர்ப்புக்கு ஏழு ஆண்டு முந்தியது. தங்கள் வயதுப் பிள்ளையான சில்வியா மெண்டெஸின் பெயரில் அந்தக் கதை தொடங்குவதால் பிள்ளைகள் கண் விரியக் கேட்பார்கள். பள்ளி இந்தப் பாடத்தைப் பிப்ரவரியிலும் நடத்துகிறதா என்று பாருங்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு

சேர்க்கலாம், சில நிபந்தனைகளோடு. சேர்க்கை அறிவிப்பு பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்திலேயே வந்துவிடும். அறிமுகக் கூட்டத்துக்குப் போனால்தான் குலுக்கலில் பெயர் என்று வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை நடுவில் எடுக்க மாட்டோம் என்று கையெழுத்து கேட்பார்கள். அதை மனதாரப் போட முடிந்தால் மட்டும் போடுங்கள். உங்கள் வட்டாரத்துக்கு வெளியே உள்ள பள்ளி என்றால் பேருந்து வருமா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழியைப் பற்றி மூன்று நான்கு கேள்வி இருக்கும். பிள்ளையை ஆங்கிலம் கற்போருக்கான ஈஎஸ்எல் வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதும் பெற்றோர் நிறையப் பேர். தமிழ் என்றே எழுதுங்கள். ஒரு சிறிய மொழித் தேர்வு வைப்பார்கள், ஆங்கிலம் வந்தால் அதோடு முடிந்தது. இடம் கிடைக்கும் என்று 'ஸ்பானிஷ்' என்று எழுதுவதை நினைக்கவே வேண்டாம். நேரில் பேசிப் பார்க்கும் பள்ளியில் பிடிபடுவது ஒருபுறம். அந்த இடம் உண்மையில் வேறொரு பிள்ளையினுடையது.

தமிழ் பின்தங்குமா என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் தமிழ் பேசி, தினம் 20 நிமிடம் தமிழில் வாசித்துக் காட்டினால் பின்தங்காது. ஸ்பானிஷை நீங்கள் செயலி வைத்துக் கற்றுக்கொடுக்க முயல வேண்டாம். அது பள்ளியின் வேலை. உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இருமொழித் தேர்ச்சி முத்திரை ஒன்று சான்றிதழில் ஏறும். 2011இல் கலிஃபோர்னியா சட்டமாகக் கொண்டுவந்து, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. ஸ்பானிஷ் பக்கத்துக்கு, கல்லூரி மட்டப் பாடத்துக்கான ஏபி தேர்வில் கலிஃபோர்னியாவில் ஐந்துக்கு 3 எடுத்தால் போதும். தமிழுக்கும் தேர்வு எழுதி இதே முத்திரையைப் பெறலாம். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

பார்க்கப் போகும் நாளில்

கிண்டர்கார்ட்டனை மட்டும் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். அங்கே எல்லாப் பள்ளியும் அழகுதான். ஐந்தாம் வகுப்பையும் காட்டச் சொல்லுங்கள். அலமாரியில் ஸ்பானிஷ் புத்தகம் பாதியாவது இருக்கிறதா, அவை ஸ்பானிஷிலேயே எழுதப்பட்டவையா, ஆங்கிலப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பா என்று முன்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். எல்லாமே மொழிபெயர்ப்பு என்றால் அந்த வகுப்பில் ஸ்பானிஷ் ஒரு வாடகை உடை. பலகையில் எழுதிய குறிப்புகள் பிள்ளைகள் கையெழுத்தில் இருக்கின்றனவா, கடையில் வாங்கி ஒட்டியவையா? ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆங்கிலம் கற்போர் பட்டியலிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் வெளியே வந்தார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நல்ல பள்ளியில் எண் கைவசம் இருக்கும்.

பிறகு ஸ்பானிஷ் நேரத்தில் அறிவியல் குழு ஒன்றின் பக்கத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ஆசிரியர் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும், அந்த நான்கு பிள்ளைகளும் தங்களுக்குள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று காது கொடுங்கள்.